பதினோரு வருஷ ஐடி அண்ணன் விடைபெறுகிறார்: புது கம்பெனியிடம் பாஸ்வேர்டை எல்லாம் கொடுக்கலாமா?

பனியன்_வாரிசு | திருப்பூர்

வணக்கம்ங்க. திருப்பூரில் எங்களுக்கு ஒரு சின்ன ஏற்றுமதி யூனிட். அப்பா ஆரம்பித்தது, 2015-ல் பிரைவேட் லிமிடெட் ஆக்கினோம். தையல் மிஷின் எழுபது, ஆபீஸில் கம்ப்யூட்டர் இருபத்திரண்டு, ஒரு சர்வர். சர்வர் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூஜையில் அதற்கும் சேர்த்தே பொட்டு வைத்துவிடுவார்கள்.

இத்தனை வருஷமும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு அண்ணன். கணக்கு எழுதும் டாலி மென்பொருள் திறக்கவில்லை, பிரிண்டர் ஓடவில்லை, வருகை பதியும் பயோமெட்ரிக்கில் பஞ்ச் விழவில்லை, எதுவானாலும் ஒரு போன் போட்டால் போதும், அரை மணி நேரத்தில் மொபெட்டில் வந்துவிடுவார். மாதம் நாலாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது அவருக்கு முதுகுத்தண்டு பிரச்சினை, வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொழிலையே விடுகிறார்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. ஒரு கம்ப்யூட்டருக்கு மாதம் 650, சர்வருக்குத் தனியாக 2,500, அதற்கு மேல் ஜிஎஸ்டி. அப்பா ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். விலையை நான் பேசிக்கொள்வேன். என் கேள்வி வேறு. முதல் நாளே எல்லா பாஸ்வேர்டும் வேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா? கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. எல்லாம் அண்ணன் தலைக்குள்தான் இருக்கிறது.

கேபிள்_காரன் | ஈரோடு

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவன், பதினைந்து வருஷமாக இதே தொழில். அதனால் எங்கள் ஆட்கள் சொல்லாததையும் சேர்த்தே சொல்கிறேன்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, நாலு விஷயம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். முதலில் உங்கள் டொமைன், அதாவது இணையதளத்துக்கும் மெயிலுக்கும் இருக்கும் பெயர். டொமைன் விவரம் காட்டும் ஹூயிஸில் தேடினால் இப்போதெல்லாம் உரிமையாளர் பேரைப் பெரும்பாலும் மறைத்துத்தான் காட்டும். ஆனால் எந்த ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிந்து கொடுக்கும் நிறுவனம்) இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதி என்பது தெரிந்துவிடும். போன வருஷம் புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் யாருக்குப் போனது என்று கேளுங்கள், ஆள் தெரிந்துவிடும். அடுத்து, ஆபீஸ் மெயிலுக்கு மேல்மட்ட அட்மின் யார்? டாலி லைசென்ஸ் எந்த மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறது? ஈ-வே பில் (சரக்கு லாரிக்கான ஜிஎஸ்டி சீட்டு), ஈ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதியும் பில்) தளத்தின் ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது?

இந்த நாலும் கம்பெனி பேரில், கம்பெனி காசு கட்டும் நம்பரில் இருந்தால் எந்த ஐடி ஆளையும் தைரியமாகச் சேர்க்கலாம், தைரியமாக அனுப்பலாம். பாஸ்வேர்டு கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுக்காமல் வேலை நடக்காது. ஆனால் உங்களுடையதைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கென்று தனி அட்மின் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். உங்களுடையதை ஒரு கவரில் போட்டு ஒட்டி பீரோவில் வையுங்கள்.

பனியன்_வாரிசு

பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம் போல.

டொமைன் அண்ணனுடைய சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. மெயில் அட்மினும் அவரே. டாலி கணக்கு 2019-ல் வேலையை விட்டுப் போன அக்கவுண்டண்ட் அம்மாவின் மெயிலில் இருக்கிறது. ரவுட்டருக்கு பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அதன் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எழுத்து அழிந்து ஒரு ஆங்கில ஜி மட்டும்தான் தெரிகிறது. ஈ-வே பில் ஓடிபி மட்டும் அப்பா போனுக்கு வருகிறது. அவர் மத்தியானம் தூங்கும்போது லாரி கேட்டில் நிற்கும்.

மூணு_கம்ப்யூட்டர் | திண்டுக்கல்

இவ்வளவு பயம் தேவையா? பதினோரு வருஷத்தில் அந்த அண்ணன் ஒரு பைசா ஏமாற்றியிருக்கிறாரா? அவர் பேரில் இருந்தால் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே. மோட்டார் உதிரிபாகக் கடை எனக்கு, மூணு கம்ப்யூட்டர். பக்கத்துத் தெருப் பையன் பார்த்துக்கொள்கிறான். அக்ரிமெண்ட், அட்மின், கவர், பீரோ என்று ஒன்றும் கிடையாது. ரிப்பேரானால் ஐநூறு ரூபாய், டீ.

லேப்_அக்கா | நாகர்கோவில்

திண்டுக்கல் அண்ணாச்சிக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறேன். பழைய ஆளுக்கும் எங்களுக்கும் பில் தகராறு. ரெண்டு மாதப் பாக்கியை என் வீட்டுக்காரர் பிடித்து வைத்துக்கொண்டார். அந்தச் சூட்டிலேயே புது ஆளை வரச் சொல்லிவிட்டோம். பழையவர் எதையும் ஒப்படைக்கவில்லை, புதியவரும் கேட்கவில்லை. அவர் திரையைக் காட்டி, "பேக்கப் தினமும் ஓடுகிறது மேடம், பச்சை டிக் பாருங்கள்" என்றார். நானும் தினமும் காலையில் அந்தப் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பேன்.

ஏழு மாதம் கழித்து சர்வர் ஹார்ட் டிஸ்க் போயிற்று. பேக்கப்பைத் திறந்தால் அதில் இருந்த கடைசி ரிப்போர்ட் பதினாலு மாதத்துக்கு முந்தையது. நடந்தது இதுதான். பழைய ஆள் காலத்திலேயே லேப் சாஃப்ட்வேரைப் புது வெர்ஷனுக்கு மாற்றியபோது டேட்டா வேறு டிரைவுக்குப் போய்விட்டது. பேக்கப் மட்டும் பழைய ஃபோல்டரையே நகல் எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரே ஃபைலைத் தினமும் ஒழுங்காக, பச்சை டிக்கோடு. பதினாலு மாத ரிப்போர்ட்டை பேப்பரிலிருந்து மறுபடி ஏற்ற ரெண்டு பெண்களை வேலைக்கு வைத்தேன். டாக்டர்கள் பழைய சர்க்கரை அளவு கேட்டுப் போன் செய்யும்போதெல்லாம் வயிறு கலங்கும்.

அதனால் தம்பி, புது கம்பெனி வந்த முதல் வாரமே கேளுங்கள்: "போன மாதம் அழித்த ஒரு ஃபைலை பேக்கப்பிலிருந்து எடுத்து என் கண் முன்னால் திறந்து காட்டுங்கள்." அதைத் தள்ளிப்போட்டால் மற்றதெல்லாம் பேச்சுத்தான். இன்னொன்று, அண்ணனுக்கு ஏதாவது பாக்கி இருந்தால் பாஸ்வேர்டு கேட்கப் போகும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள்.

வவுச்சர் | கோவை, ஆடிட்டர் ஆபீஸ்

கணக்குப் பக்கத்திலிருந்து சில விஷயம்.

மாற்றும் தேதியை ஐடி கம்பெனி முடிவு செய்ய விடாதீர்கள். 11-ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் 3பி தாக்கல். இந்த நாட்களை ஒட்டி யாராவது சர்வரைத் தொட்டால் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் அடிக்க வருவார்கள். 22-க்கு மேல் வையுங்கள். அதிலும் ஷிப்மெண்ட் இல்லாத வாரமாக.

விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் 2023 ஆகஸ்ட் முதலே உங்களுக்கு ஈ-இன்வாய்ஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் 1 முதல் ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ் தளங்களில் எல்லோருக்குமே ஓடிபி-யோடு கூடிய இரட்டைச் சரிபார்ப்பு வந்துவிட்டது. அப்பா தூங்கும்போது லாரி நிற்பது அதனால்தான். டெஸ்பாட்ச் பார்ப்பவருக்கு அவர் நம்பரிலேயே துணைப் பயனர் கணக்கு போடலாம், பத்து நிமிட வேலை. இதற்கு ஐடி கம்பெனியே தேவையில்லை.

பிரைவேட் லிமிடெட் என்பதால் இன்னொன்று. 2023 ஏப்ரல் முதல் கணக்கு மென்பொருளில் யார் எதைத் திருத்தினார்கள் என்ற தடம் இருக்க வேண்டும், அதை அணைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தின் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் விழ வேண்டும். புது ஆட்கள் உற்சாகத்தில், "டாலி டேட்டா கனமாகிவிட்டது, பிரித்துப் புதிதாகத் தொடங்கலாம்" என்பார்கள். ஆடிட்டரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். மலிவான வெளிநாட்டு கிளவுடில் மட்டும் பேக்கப் போடுகிறோம் என்றாலும் அப்படியே.

கடைசியாக, அப்பாவுக்கு. அந்த ஐடி கம்பெனி உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு உள்ள குறு அல்லது சிறு நிறுவனமா என்று கேட்டு வையுங்கள். ஆம் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளில் காசு கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் கழிக்க முடியாது, கொடுக்கும் வருஷத்தில்தான். "அக்ரிமெண்ட் எதுக்கு" என்பவர்களுக்கு இது ஒரு பதில்.

நைட்_ஷிப்ட் | சென்னை

ஒரு ஐடி சப்போர்ட் கம்பெனியில் நாலு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். உள்ளே எப்படி நடக்கும் என்று சொன்னால் உதவும்.

எங்களிடம் நாற்பது வாடிக்கையாளர்கள். நாற்பது பேருக்கும் ஃபயர்வால் (வெளியாள் நெட்வொர்க்கில் நுழையாமல் தடுக்கும் கருவி) பாஸ்வேர்டு ஒன்றே. கம்பெனி பேர், ஒரு அட் குறி, தொடங்கிய வருஷம். நான் வேலையை விட்ட பிறகும் அதை யாரும் மாற்றவில்லை என்று அங்கே இருக்கும் நண்பன் சொல்லித் தெரியும். எனக்கு அதைத் தப்பாகப் பயன்படுத்தும் புத்தி இல்லை, அவ்வளவுதான் அவர்களுடைய பாதுகாப்பு.

நீங்கள் ஒரு ஐடி கம்பெனியைச் சேர்க்கும்போது அவர்களுடைய ரிமோட் சாஃப்ட்வேரையும் உங்கள் எல்லா கம்ப்யூட்டரிலும் சேர்க்கிறீர்கள். 2021 ஜூலை 2-ஆம் தேதி கசேயா என்ற அமெரிக்க நிறுவனத்தின் அப்படிப்பட்ட ஒரு மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்து ஆர்ஈவில் என்ற ரேன்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிப் பணம் பறிக்கும்) கும்பல் உள்ளே புகுந்தது. அடிபட்டது அதைப் பயன்படுத்திய ஐடி கம்பெனிகளின் வாடிக்கையாளர்கள். 800-லிருந்து 1,500 நிறுவனங்கள் வரை என்று கசேயாவே சொன்னது. ஸ்வீடனில் கூப் சூப்பர் மார்க்கெட் கல்லாப்பெட்டிகள் ஓடாமல் நூற்றுக்கணக்கான கடைகளை மூடினார்கள். அந்தக் கடைக்காரர்கள் கசேயா என்ற பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நம் நாட்டிலும் 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தைத் தாக்கியபோது, அதை நம்பியிருந்த சிறு வங்கிகள் சுமார் 300-இல் பணப் பரிமாற்றம் தடைபட்டது.

அதனால் கேளுங்கள். உங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் உண்டா? அதற்கு ஓடிபி மாதிரி ரெண்டாவது பூட்டு உண்டா? ஒருவர் வேலையை விட்டால் அன்றைக்கே என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் பார்த்துக்கொள்வோம் சார்" என்று வந்தால் அது பதில் இல்லை. இன்னொன்றும் எழுதி வாங்குங்கள்: ஏதாவது ஊடுருவல் என்று தெரிந்த உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டும். இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஐடி ஆள் ரெண்டு நாள் மூடி மறைத்துவிட்டுச் சொன்னால் நீங்கள்தான் கையைப் பிசைய வேண்டும்.

மூணு_கம்ப்யூட்டர்

சரி, அப்போ யாரையும் நம்பக் கூடாது. இத்தனை கேள்வி கேட்டால் எந்த ஐடி ஆளும் ஓடிவிடுவான். அதுவும் திருப்பூரில்.

நீங்கள் யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, வாரச் சம்பளம் போடுகிற நேரத்தில் பயோமெட்ரிக் நின்றால் கோயம்புத்தூர்க்காரன் வருவானா? அந்த அண்ணன் வந்திருப்பார்.

கேபிள்_காரன்

நியாயமான கேள்வி. இத்தனை பேரும் பேசியதில் தொழிலுக்கு மிக நெருக்கமானது இதுதான், என்னையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் கொட்டேஷனில் "நாலு மணி நேரத்தில் ரெஸ்பான்ஸ்" என்று இருக்கும். படிப்பவர் நாலு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைப்பார். நாங்கள் எழுதியது, நாலு மணி நேரத்துக்குள் யாராவது திருப்பிக் கூப்பிடுவார் என்று. அதுவும் திங்கள் முதல் வெள்ளி, காலை ஒன்பதரையிலிருந்து ஆறரை. பனியன் கம்பெனிக்கு சனிக்கிழமை சாயங்காலம் எப்படிப்பட்ட நேரம் என்று கோயம்புத்தூர் சேல்ஸ் பையனுக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்லி, தனி வரியாக எழுத வைக்க வேண்டும். கூடுதல் காசு கேட்பார்கள், கொடுக்கலாம். பதிலுக்கு, யாரும் உட்காராத பழைய கம்ப்யூட்டர்களைக் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இருபத்திரண்டில் குறைந்தது நாலு அப்படி இருக்கும், எல்லா இடத்திலும் இருக்கிறது.

கேள்வி கேட்டால் ஓடிவிடுவார்களா? என்னைப் பயப்பட வைப்பது எதையும் கேட்காத வாடிக்கையாளர். மூணாவது மாதம் ஏதாவது ஆனால், "எல்லாத்தையும் நீங்க பாத்துக்கறதாத்தானே சொன்னீங்க" என்று அவர்தான் சண்டைக்கு வருவார். எங்களுக்கு உங்களிடமிருந்து வேண்டியது ஒன்றுதான். எங்களோடு பேச ஒரே ஒரு ஆளை வையுங்கள். முதல் மாதம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒரு பக்கம், ஸ்டோர்ஸ் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் கூப்பிடுவார்கள். பாதிப் பேர் பழைய அண்ணனுக்கே போன் போட்டு, அவர் போனிலேயே ஏதோ சொல்லி, எங்கள் ஆள் மாற்றியதை மறுபடி மாற்றி வைப்பார்கள். நடந்திருக்கிறது.

வந்த வாரமே "இருப்பது எல்லாம் குப்பை, மாற்றணும்" என்று பட்டியல் நீட்டினால் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லுங்கள். விண்டோஸ் 10 மட்டும் விதிவிலக்கு. அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதைச் சொன்னால் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. புது ஃபயர்வால், புது சர்வர் எல்லாம் இருப்பதை எழுதி முடித்த பிறகு.

பனியன்_வாரிசு

பன்னிரண்டு நாள் ஆயிற்று. நடந்ததைச் சொல்கிறேன்.

லேப் அக்கா சொன்ன மாதிரி கணக்குப் பார்த்தால் அண்ணனுக்கு ரெண்டு மாதமும் ஒரு ஹார்ட் டிஸ்க் காசும் பாக்கி. எடுத்துக்கொண்டு, கூடவே ரெண்டு கிலோ மாம்பழமும் வாங்கிக்கொண்டு, அங்கேரிபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பெல்ட் கட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்க வாய் வரவில்லை. அவரே, "பாஸ்வேர்டுக்குத்தானே வந்தீங்க" என்றார்.

எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். பதினோரு வருஷம், தேதி போட்டு, நீல மையில். எந்தக் கேபிள் எந்த அறைக்குப் போகிறது, எந்த பிரிண்டருக்கு எந்த ஐபி, எப்போது யுபிஎஸ் பேட்டரி மாற்றியது, எல்லாம். நாங்கள் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை, அதனால் அவர் காட்டியதும் இல்லை. அந்த நோட்டில் ஒரு வரி: "ஏப்ரல் 2020. மெர்ச்சண்டைசர்கள் வீட்டிலிருந்து வேலை. ரவுட்டரில் 3389 திறந்தது. அப்புறம் மூடணும்." பக்கத்தில் டிக் இல்லை.

நைட்_ஷிப்ட்

3389-ஆ! அது விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் கதவு. அதை அப்படியே இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்தால் உலகம் முழுக்க பாஸ்வேர்டைத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும். ரேன்சம்வேர் கும்பல்கள் உள்ளே வரும் வழக்கமான வழிகளில் ஒன்று. இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்றால் சாமி படத்துக்குக் கீழே வைத்ததுதான் காரணம். மூடிவிட்டீர்களா?

பனியன்_வாரிசு

அன்றைக்கே. அண்ணன் வீட்டிலிருந்து அவர் போனிலேயே. முகம் வாடிப்போய் விட்டது அவருக்கு. "மறந்துட்டேன் தம்பி" என்று ரெண்டு தடவை சொன்னார்.

டொமைனை அதே ரெஜிஸ்ட்ராரில் எங்கள் பேரில் ஒரு கணக்குத் திறந்து அதற்கு மாற்றிவிட்டோம், அவருக்கு வந்த ஓடிபி-யைச் சொன்னார், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டாலிக்குத்தான் பழைய அக்கவுண்டண்ட் அம்மாவைத் தேட வேண்டி இருந்தது. காங்கேயத்தில் இருக்கிறார், பேரன் பிறந்திருக்கிறான், நல்லபடியாகப் பேசினார். புது கம்பெனியோடு மூணு மாதம் சோதனை என்று எழுதிக்கொண்டோம், சனிக்கிழமை இரவு எட்டு வரை தனி வரியாக. அதில் அண்ணனுக்கு மாதம் ஒரு தொகை, போனில் சந்தேகம் கேட்க. இது அப்பாவின் யோசனை.

பேக்கப் சோதனையும் செய்தோம். மார்ச் மாத ஆர்டர் ஷீட் ஒன்றைக் கேட்டேன். முதலில் பேக்கப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு தப்பு என்றது, நோட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தோம். நாற்பது நிமிடத்தில் ஷீட் திறந்தது. கைதட்டப் போனேன். அப்போது புதுப் பையன், "பேட்டர்ன் ஃபைல் எல்லாம் எங்கே சார் இருக்கு?" என்றான். துணி வெட்டுவதற்கான அளவு வரைபடங்களைக் கேட்கிறான். பேட்டர்ன் மாஸ்டரைக் கூப்பிட்டோம். ஒன்பது வருஷ பேட்டர்னும் அவர் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில், "புதுசு", "புதுசு 2", "கடைசி", "கடைசி ஒரிஜினல்" என்று நாலு ஃபோல்டரில். பேக்கப் அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போனதில்லை.

லேப்_அக்கா

"கடைசி ஒரிஜினல்"! எங்கள் லேபிலும் இருக்கிறது தம்பி அது.

மூணு_கம்ப்யூட்டர்

இதையெல்லாம் படித்துவிட்டு சும்மா இருக்க முடியாமல் நம்ம கடை டொமைனைப் பார்த்தேன். பையன் காலேஜ் படிக்கும்போது அவன் மெயிலில் வாங்கியது. அவன் இப்போது துபாயில். காலாவதி இன்னும் பத்தொன்பது நாள். வாட்ஸ்அப் போட்டிருக்கிறேன், ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது.

கேபிள்_காரன்

வாட்ஸ்அப்புக்குக் காத்திருக்காதீர்கள் அண்ணாச்சி, கூப்பிட்டுவிடுங்கள். அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், இப்போது சாப்பாட்டு நேரம்தான். ஓடிபி அவன் பழைய இந்திய நம்பருக்குப் போகிறதா என்று முதலில் கேளுங்கள். அந்த சிம் உயிரோடு இருக்கிறதா என்பதையும்.